மூன்று நிமிட ஓய்வு

"இன்னும் ரெண்டு! முதுகு நேரா, முதுகு நேரா! குதிகால அழுத்துங்க!"

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதாத குறையாகக் கத்தினாள் கோச்சம்மா. கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு விரித்த பாயின்மேல், பதினான்கு கிலோ கம்பியைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கி நிறுத்தினாள் தபாலம்மா. வயது அறுபத்தேழு என்றால் நம்பமாட்டீர்கள்.

முப்பத்தைந்து வருடம் தபால் பிரிக்கும் அறையில் நின்றவள். அதனால் தெருவுக்கே அவள் தபாலம்மா. கணவர் போனபின் அந்த வீட்டில் தனியாக இருந்தாள். மகனுக்கு அது பிடிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஓர் அறையே பார்த்து வைத்துவிட்டான்.

"ஒரு தண்ணி கேனத் தூக்க முடியல உன்னால. தனியா எப்படிம்மா இருப்ப?"

"தூக்கிட்டா?"

"தூக்கிக் காட்டு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

இருபது லிட்டர் கேன். இரண்டு மாதக் கெடு. அதோடு நிற்காமல், சொல்லிக்கொடுக்க ஆளையும் மகனே அனுப்பி வைத்தான். "தெரிஞ்ச பொண்ணும்மா. தங்கமான பொண்ணு" என்றான். பிள்ளையின் மனசு இளகிவிட்டது என்று அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தவளுக்குக் கோச்சம்மா என்று பேர் வைத்ததும் அவள்தான்.

முதல் மூன்று வாரம் எட்டுக் கிலோ. பத்துப் பத்தாக மூன்று செட், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. எடை பதினான்குக்கு ஏறியதும் கோச்சம்மா முறையை மாற்றினாள். ஐந்து ஐந்தாக ஐந்து செட். நடுவில் மூன்று நிமிடம்.

"மூணு நிமிஷமா? நான் என்ன பஸ்ஸுக்கா காத்திருக்கேன்?"

"எடை ஏறினா எண்ணிக்கை குறையணும், ஓய்வு கூடணும்மா. உடம்பு மூச்சு வாங்கிக்க வேணாமா?"

"எங்க செக்ஷன்ல இப்படி உக்காந்திருந்தா மெமோ குடுத்திருப்பாங்க!"

தபாலம்மாவுக்குச் சும்மா உட்கார வராது. அதைக் கண்டுகொண்ட கோச்சம்மா, ஓய்வு நேரத்துக்கென்று விளையாட்டுகள் வைத்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வாள். மூன்று பொருள்களின் பேரைச் சொல்லிவிட்டு, அடுத்த செட் முடிந்ததும் திருப்பிக் கேட்பாள்.

"என்ன மூணு சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

"குடை... பூட்டு... இன்னொண்ணு என்னடி அது, நாக்கு நுனியிலயே நிக்குது."

"பரவால்லம்மா."

"மூவாயிரம் ஊர்ப் பேர மனப்பாடமா வெச்சிருந்த மண்டை இது. உன்னோட மூணு சாமானுக்குத்தான் இடமில்லயாம்! ஏய், இதுக்கெல்லாம் மார்க் போட்டுடாதே."

"சேச்சே. இது கணக்குலயே வராதும்மா" என்று சிரித்துக்கொண்டே நோட்டில் அன்றைய எடையை எழுதினாள் கோச்சம்மா.

அதனால் கம்பியைத் தொடும்போதுதான் தபாலம்மா கண்ணும் கருத்துமாக இருப்பாள். உட்கார்ந்துவிட்டால் பேச்சு, சிரிப்பு. பல வருடமாக அந்த வீட்டில் யாரும் மூன்று நிமிடம் சேர்ந்தாற்போல் அவள் பேச்சைக் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம், அலமாரியிலிருந்து கணவரின் கைக்கடிகாரத்தை எடுத்து வந்தாள்.

"இதுல நேரம் பாரு கண்ணு. அவர் இருந்தா அவரே நின்னு எண்ணியிருப்பாரு."

"ஐயோ, எனக்கெதுக்கும்மா?"

"பொண்ணுன்னு ஒண்ணு பெத்திருந்தா அவளுக்குத்தானே போயிருக்கும்? பிகு பண்ணாமக் கட்டிக்கோ."

கட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஓய்வு நேர விளையாட்டு எதையும் கோச்சம்மா எடுக்கவே இல்லை.

பதினான்கு பதினேழானது, பதினேழு இருபதானது. ஓய்வும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீண்டது. கடைசி வாரம் கம்பியில் இருபத்திரண்டு கிலோ மாட்டி, ஐந்து செட்டும் குறைவில்லாமல் முடித்தாள். கெடுவுக்கு முந்தின நாள் முதியோர் இல்லத்தின் விவரத்தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகன் வந்தான். பின்னாலேயே கோச்சம்மாவும் வந்து, நோட்டை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றுகொண்டாள்.

தபாலம்மா காலை அகட்டினாள். இடுப்பை இறக்கி, மூச்சை இழுத்துப் பிடித்தாள். கேன் தரையை விட்டுக் கிளம்பி, முழங்கால் தாண்டி, தொடை தாண்டி, சமையல் மேடையில் பதமாக உட்கார்ந்தது.

ஒரு தடவையோடு விடவில்லை. இறக்கினாள், ஏற்றினாள். ஐந்து தடவை.

"எப்படி! உங்கப்பாவே ஒரு தடவ தூக்கினா இடுப்பப் பிடிச்சுப்பாரு!"

மகன் கைதட்டவில்லை. கேனைப் பார்த்தமாதிரியும் தெரியவில்லை.

"என்னடா முழிக்கற? சொன்ன சொல்லு சொன்னதுதானே? நான் இங்கயே இருக்கலாம்தானே?"

அவன் அம்மாவின் முகத்தைத் தவிர்த்துச் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"மறதி எவ்வளவு தூரம் போயிருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க, டாக்டர்."