கறுப்புத் துணியில் உப்பு

விளைந்த உப்பைக் கரைக்கப் போகிறாள்.

இருபது வருஷமாக உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கோடைமழை வந்து பாத்தியைக் கரைத்துவிட்டால், வானத்தைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றுவதில் முதல் ஆள்.

வரப்போரம் நிறுத்தியிருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே கடல்நீர். அதன்மேல் மிதக்கும் கறுப்புத் துணி. துணி வெயிலை வாங்கிச் சூடேறும், நீர் ஆவியாகும், ஆவி கண்ணாடியில் படிந்து குழாய் வழியே கேனில் நல்ல தண்ணீராகச் சொட்டும். வைத்துவிட்டுப் போன எஞ்சினியர் அப்படித்தான் சொன்னார்.

இரண்டு நாள் சொட்டவும் செய்தது.

மூன்றாம் நாள் துணிமேல் உப்பு பூத்தது. அளத்தில் வேலை செய்யும் ஏழு பெண்களுக்கும் தலைகால் புரியவில்லை. தண்ணீருக்குத் தண்ணீர், உப்புக்கு உப்பு! நன்றாக விளையட்டும் என்று யாரையும் கை வைக்க விடவில்லை.

துணி வெள்ளை வெளேரென்று ஆனது. சொட்டு நின்றுபோனது.

இன்று மூன்று மணிக்கு எஞ்சினியர் வருவார். தண்ணீர் வரவில்லை என்றால் பெட்டியைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவார். அப்புறம் பழையபடிதான். வீட்டிலிருந்து தூக்கிவரும் தண்ணீர் பத்து மணிக்கே தீரும். மிச்சப் பொழுதெல்லாம் நாக்கு வறளும்.

வெள்ளை, வெயிலை வாங்காது. திருப்பிக் கண்ணில் அடிக்கும். உப்பு வாருகிறவளுக்கு இது தெரியாதா? நேற்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது.

துணியை உரித்தாள். பக்கத்துக் கடல்நீர்த் தொட்டியில் குப்புறப் போட்டு அமுக்கினாள்.

“ஏட்டி, வெளஞ்ச உப்பக் கரைக்கியே, வெளங்குமா?” பேச்சிக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கும் மனசில்லைதான். கை மட்டும் விடவில்லை.

மெல்லக் கறுப்பு வெளியே வந்தது. துணியை மறுபடி பெட்டியில் மிதக்கவிட்டு மூடினாள்.

பத்து மணிக்குக் கண்ணாடி வியர்த்தது.

பதினொன்றுக்கு முதல் சொட்டு.

மூன்று மணிக்கு எஞ்சினியர் வந்தார். கேனைத் தூக்கினார். காலி. கவிழ்த்தும் பார்த்தார். குனிந்து, முதல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தார்.

“குடிச்சிட்டோம்லா, சார்!”

நிமிர்ந்தார்.

வரப்பில் ஏழு பெண்கள். ஏழு பேர் வாயும் ஈரம். பேச்சிக்கனி டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டுக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள்.