ஒரு வினை மட்டும்

"மறுபடியும் தப்பு!" நேசையன் வாத்தியார் புத்தகத்தைத் தட்டினார்.

ஸ்பெயின்காரர் ஆளும் மணிலாவில் வேலை பார்த்துத் திரும்பிய அவருக்கு மட்டுமே ராஜபாளையத்தில் ஸ்பானிஷ் தெரியும். தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஸ்பெயின் துரைசானி ஜெயக்கொடியை இரண்டு வருஷம் தன் தேசத்துக்குக் கூட்டிப்போவாள். ஆனால் நாளைக்கு அவள் வைக்கும் பேச்சுப் பரீட்சையில் தேற வேண்டும்.

"ஏட்டி, 'தோதுப்பட்டா'ன்னு சொல்ல, முழு வினையோட 'இயா' சேக்கணும், அம்புட்டுத்தான். பேசுறதுக்கு?"

"அப்லாரியா."

"திங்கிறதுக்கு?"

"கொமெரியா."

"திரும்பி வாரதுக்கு?"

"வோல்வெரே."

"அது 'கட்டாயம் வருவேன்'. நான் கேக்குறது 'தோதுப்பட்டா வருவேன்'. மத்ததெல்லாம் சரியாச் சொல்லுத, இது மட்டும் ஏன் வாயில நுழையல?"

ஜெயக்கொடி குரலைத் தாழ்த்தினாள். "நுழையுது அண்ணாச்சி. நாளைக்குத் துரைசானிகிட்ட சரியாச் சொல்லிருவேன். இங்க வேண்டாம்."

"இங்க என்னட்டி?"

அவள் வாசலைக் காட்டினாள். ஏழு வயது மகள் ஏசம்மாள் தட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா என்கூட வந்து, எனக்கு முன்னாடி அவ அம்புட்டையும் படிச்சிட்டா. ஊருக்குப் போறவ, பிள்ளை காதுபட 'தோதுப்பட்டா வருவேன்'னு சொல்லலாமா?"

வாசலில் கல் விழும் சத்தம் நின்றிருந்தது.

நேசையன் தொண்டையைச் செருமினார். தெருவுக்கே கேட்கச் சொன்னார்: "வோல்வெரே! சரியாச் சொன்ன தாயி!"