போட்டு வாறன்

கோப்பாய் ஜெபவீட்டில் அப்போது இருந்தவர்கள் சபை மூப்பர் ஞானசீலன், அவர் மனைவி றோசலின், விமான நிலையத்திலிருந்து பையோடு நேராக வந்த உதயகலா.

நோர்வேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்து நாள் ஊழியம் செய்யச் சபையிலிருந்து பாஸ்டரும் உதயகலாவும் உட்பட ஐந்து பேர் போயிருந்தார்கள்.

"நாலு பேர்தான் வந்திருக்கிறியளாம். ஆர் அங்கை நிண்டது?" என்றார் மூப்பர்.

"உவன் தேனுஜனாத்தான் இருக்கும். காதிலை தோடு போட்டவன் திரும்பி வருவானே?" என்றாள் றோசலின்.

"தேனுஜன் வந்திட்டான், அன்ரி."

"நாங்கள் உன்னை நினைச்சுத்தான் பயந்தது, பிள்ளை. கொண்ணை ஒஸ்லோவிலைதானே?" என்றார் மூப்பர்.

"ஓம். அண்ணை வேலையும் பாத்து வைச்சிட்டு, நில்லெண்டு அழுதவர். நிக்க எனக்கும் ஆசைதான். ஆனா திரும்பி வருவனெண்டு பைபிளிலை கை வைச்சுப் பாஸ்டருக்குச் சத்தியம் பண்ணினனான்."

"ஸ்தோத்திரம்! பாஸ்டர் கேட்டால் சந்தோசப்படுவார். எங்கை அவர்?"

உதயகலா பையைத் திறந்து பாஸ்டரின் ஜெபவீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"வெளிக்கிடுற அண்டு காலமை அவரின்ரை அறையைத் தட்டினம். இது மட்டும்தான் கிடந்தது."

மூப்பர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். றோசலின்தான் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவாய்தானே, பிள்ளை?"

உதயகலா பையைத் தூக்கினாள். எந்த வீட்டுப் படி இறங்கும்போதும், போய்வருகிறேன் என்ற பொருளில் 'போட்டு வாறன்' என்றே சொல்லிப் பழகியவள்.

"நான் போறன்," என்றாள்.

அவள் இறங்கியதும், மூப்பர் பாஸ்டரின் சாவியாலேயே கதவைப் பூட்டினார்.