பரீத் பாய் வீட்டு டிவி

ரீனாவின் போனுக்கும் லேப்டாப்புக்கும் காலையிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை.

அவள் பாடம் நடத்தி எடுத்த வீடியோ போனில் இருந்தது. செம்பூர் பள்ளிக்கூடத்துக்கு அதை லேப்டாப் வழியாகத்தான் அனுப்ப முடியும். அஞ்சு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அங்கே கிடைக்கவிருந்த டீச்சர் வேலை கைவிட்டுப் போய்விடும்.

"கேபிள் போட்டுப் பாருங்களேன்."

"அது சார்ஜ் மட்டும்தான் ஏத்தும். நீ சும்மா இரி, நான் பாக்கேன்" என்றான் புருஷன் ஜாபெஸ்.

வைஃபை வழியாக ஃபைல் அனுப்பும் ஆப்பை ரெண்டிலும் அணைத்தான், போட்டான். ரெண்டையும் ஒருதடவை நிறுத்தி எழுப்பினான். போனை லேப்டாப்பின் மேலேயே படுக்க வைத்தும் பார்த்தான். அப்படி ஒரு போனே இல்லை என்று சாதித்தது லேப்டாப்.

"ஏட்டி, இங்க வா! நம்ம போனைக் காணோம். 'பரீத் டிவி'ன்னு ஒண்ணு தெரியுது!"

ஷேக் பரீத், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

"ஒரே வைஃபைல இருக்கதுதான் இதுல தெரியும். அப்ப மனுசன் நம்ம நெட்டுல ஓசியில டிவி பாக்காரு! அதான் நெட்டு நொண்டியடிக்கி."

"சீ, அவரு அப்படிப்பட்ட ஆளா?"

"சுவர் அகலத்துக்கு டிவி வாங்கிட்டு, சாயங்காலம் டீக்கடையில நின்னு மேட்ச் பாக்க ஆளு! கரண்டு மிச்சம் பிடிக்காராம். கஞ்சப்பய."

வாசலில் நின்று அவன் கூப்பிட்ட கூப்பாடு பாதிச் சந்துக்குக் கேட்டது. விஷயத்தைக் கேட்டும் பரீத் கோபப்படவில்லை. உள்ளே வந்து லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"உங்க வைஃபை பேரு என்ன தம்பி?"

"ஜாபெஸ் ஹோம்."

"போன் அதுல இருக்கு. லேப்டாப் எதுல இருக்கு, பாருங்க."

'பரீத் மன்சில்' என்றிருந்தது.

ரீனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போன மழையில நம்ம லைன் அறுந்துச்சுல்லா... ஒரு நாளைக்குன்னு பாய் வீட்டு மைனிகிட்ட பாஸ்வேர்டு வாங்கினேன். மாத்த மறந்தே போச்சு. தினம் சாயங்காலம் ஆன்லைன் டியூஷனும் அதுலதான் எடுத்திருக்கேன்!"

பரீத் லேப்டாப்பை ஜாபெஸ் வைஃபைக்கு மாற்றிவிட்டார். வீடியோ சரசரவென்று வந்து விழுந்தது. நாலே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

ஜாபெஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "உங்களுக்கு முன்னாலயே தெரியுமா, பாய்?"

"தெரியும். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கு. அதைப் போயி யாராவது வெட்டுவாவளா?"

வாசலில் செருப்பை மாட்டியவர் ஆசையாகத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இனிமே சாயங்காலம் மேட்சை நான் வீட்லயே பாக்கலாம்லா, தம்பி? டிவி போட்டா டீச்சரம்மா பாடம் நின்னு நின்னு போவும்னுதான் டீக்கடைக்குப் போயிக்கிட்டிருந்தேன்."