நாலாவது நிபந்தனை

“ஒரு நாய்க்குட்டி குடுக்க இத்தன கேள்வியா? பொண்ணு கேட்டு வந்தாகூட யாரும் இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க லா!”

உலகப்பன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். சுகுமாறன் அசைந்து கொடுக்கவில்லை.

பெக்கான் நானாஸில் புதிதாக ஆட்டுப்பண்ணை போட்டவர் உலகப்பன். செம்பனைத் தோட்டத்தில் திரிகிற நாய்க்கூட்டம் ஒரே வாரத்தில் அவருடைய ஆறு ஆடுகளைக் குதறிவிட்டது. “ஆட்டுக்குக் காவல் நாய் வேணும்னா பாலோ ஊரு சுகுமாறன்கிட்ட போங்க” என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த மனிதரின் வாயைப் பற்றி மட்டும் ஒருத்தரும் எச்சரிக்கவில்லை.

“சங்கிலி போடுவீங்களா?”

“பகல்ல மட்டும், தம்பி.”

“அப்போ குட்டி கிடையாது. கட்டிப் போட்ட நாய் எப்படிண்ணே ஆட்டைக் காக்கும்?”

“சரி, கட்டல. ஆணு ஒன்னு, பொட்டை ஒன்னு குடுங்க. நாளைக்குக் குட்டி போட்டா எனக்கும் ஆகும்.”

“கூடப் பொறந்ததுங்களையா சேர்த்து விடுவீங்க? ஒன்னுதான் தருவேன். ரெண்டு வயசு ஆகாம, எலும்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காம நான் எந்தப் பொட்டையையும் சேர்க்கிறதில்ல. அந்த ஒன்னும் இன்னிக்கு வராது. இன்னும் ஒரு மாசம் ஆட்டோடயே படுத்து எழும்பணும். அதுக்குள்ள உங்க வேலிய நான் வந்து பார்த்துருவேன்.”

“அலமாக்! வேலியையுமா?”

“வேலி, தண்ணித்தொட்டி, வீட்டு ஆளுங்க. எல்லாந்தான்.”

சுகுமாறனின் மனைவி யோகேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். “இவரு இப்படித்தாண்ணே. நாயின்னா உசுரு.” புகார் மாதிரிதான் சொன்னாள். முகமெல்லாம் பெருமை.

சுகுமாறன் ஒரு தாளை நீட்டினார். உலகப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேண்டுமென்றே உரக்கப் படித்தார்.

“நிபந்தனை நாலு. வளர்க்க முடியாமல் போனால், எந்த நிலையில் இருந்தாலும், எந்த நேரமானாலும் நாங்களே திருப்பி எடுத்துக்கொள்வோம். காரணம் கேட்க மாட்டோம்.” சிரித்துவிட்டார். “இது எதுக்கு தம்பி?”

சுகுமாறன் எழுந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

கட்டிலில் மெத்தை. மெத்தையில் பெரிய வெள்ளை நாய். கழுத்தைச் சுற்றி முடியே இல்லை. சங்கிலி அறுத்த இடம் இன்னும் ஆறாமல் சிவந்து கிடந்தது. மேலே காற்றாடி ஓடியது.

“பேரு வீரா. பத்து பாகாட் டவுன்ல ஒரு வீட்டுக்குக் குடுத்தேன். நல்ல குடும்பம்னு நம்பி, கையெழுத்துகூட வாங்கல. போன மாசம் போய்ப் பார்த்தா இந்தக் கோலம். கேட்டா, ‘கோவத்துல ரெண்டு அடி’ங்கிறான். மறுபேச்சு பேசல, லோரியில தூக்கி ஏத்திக்கிட்டு வந்துட்டேன். அந்த மாதிரி வீட்ல ஒரு உசுர விட்டு வைக்கலாமாண்ணே?”

“எங்க மக ரூம்தான் இது,” என்றாள் யோகேஸ்வரி. “கட்டிக் குடுத்தாச்சு. சும்மாதானே கெடக்கு.”

உலகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மன்னிச்சிருங்க தம்பி. திமிருன்னு நெனச்சிட்டேன்.” மேசையில் இருந்த பேனாவை எடுத்தார்.

வாசலில் டாக்சி வந்து நின்றது. இறங்கியது மகள் ரூபினி. போன வருஷம் ஒரே வாரத்தில் பேசி முடித்த கல்யாணம். கையில் ஒரு துணிப்பை. கொளுத்துகிற வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை.

“என்னடி, சொல்லாம கொள்ளாம?” யோகேஸ்வரியின் குரல் தாழ்ந்தது. “அங்க என்ன வாய் பேசி வெச்ச?”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?” என்றார் சுகுமாறன். “காரணத்தைச் சொல்லு மொதல்ல.”

ரூபினி சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். எல்லாரும் பார்த்தார்கள். சுகுமாறன் மட்டும் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வெளியாளு இருக்கும்போது என்ன இது? கோவம் எல்லா வீட்லயும்தான் இருக்கு. சாப்புடு. சாயங்காலம் நானே கொண்டு போய் விடுறேன்,” என்றார்.

ரூபினியின் வாசனை எட்டியதும் வீரா கட்டிலிலிருந்து இறங்கி, தள்ளாடி வந்து, அவள் காலைச் சுற்றிப் படுத்துக்கொண்டான்.

“என் மாமியார் வீட்டு வாசல்ல இவன லோரியில ஏத்துனப்போ, பக்கத்துலதானேப்பா நானும் நின்னேன்? லோரியில எடம் இருந்துச்சே.”

உலகப்பன் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார். ரூபினி அவரிடமிருந்து பேனாவை வாங்கி, அந்தத் தாளோடு சேர்த்து அப்பாவிடம் நீட்டினாள்.

“நாலாவதுல எம்பேரையும் எழுதிக்குங்கப்பா.”

பேனாவை யாரும் வாங்கவில்லை.