வீட்டுக்குப் போக மறுத்தவள்

“நான் போகல்ல மிஸ். அம்மாவைத் திரும்பிப் போகச் சொல்லுங்க.”

தனுஷியா இதைச் சொன்னபோது அவளுடைய அம்மா கேதீஸ்வரி எதிரிலேயே நின்றாள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு மகளுக்காகவே திரும்பி வந்தவள். அவள் அங்கே இருந்த காலத்தில் தகப்பன் கைவிட்டுப் போக, நீதிமன்றம்தான் பிள்ளையை வாவிக்கரையில் இருந்த இந்தச் சிறுமியர் இல்லத்தில் ஒப்படைத்திருந்தது. வாகரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த தாயின் கையில் புது உடுப்புப் பை.

நன்னடத்தை உத்தியோகத்தர் றிஸ்லாவுக்குத் திக்கென்றது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஏற்பாடு. இந்த ஒரு பிள்ளைக்கு உத்தரவு வாங்க அவள் நாயாக அலைந்திருந்தாள்.

“பாத்தீங்களா மிஸ்?” இல்லத்துப் பொறுப்பாளரான மேற்றன் பூரித்துப்போனாள். “பெத்த தாயை விட எங்களைத்தான் தேடுது புள்ள. எங்கட இல்லத்து நிர்வாக சபைத் தலைவர் ஐயாவும் சொன்னார், புள்ளைக்கு விருப்பமில்லாட்டி வற்புறுத்த வேணாமாம்.”

“நான் என்ன பாவம் செஞ்சன் மகள்?” கேதீஸ்வரி அழுதாள். “உன்னை நினைச்சுத்தானே அங்க பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன்!”

தனுஷியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிறுவர் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித் தந்தது றிஸ்லாவின் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போகப் பிள்ளை பயந்தால், அந்த வீட்டு ஆண்களைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கேதீஸ்வரியை வெளியே கூட்டிவந்தாள்.

“வீட்டில ஆரெல்லாம் இருக்கீங்க?”

“நானும் என்ட தம்பியும்தான்.”

“தம்பி கலியாணம் முடிச்சவரா?”

“இல்ல மிஸ். கடலுக்குப் போறவன்.”

“முந்தி தனுஷியாவோட எப்பிடி நடந்துகொள்வார்?”

கேள்வி எங்கே போகிறதென்று கேதீஸ்வரிக்கு மெல்லத்தான் புரிந்தது.

“மிஸ்! அவளைத் தோள்ல தூக்கி வளத்தவன். தாய்மாமன்! என்ன கேள்வி கேக்கிறீங்க?”

றிஸ்லா அசரவில்லை. இப்படிச் சத்தியம் செய்த தாய்மாரை நிறையப் பார்த்துவிட்டாள். மாமன்மாரையும்தான்.

“இண்டைக்குப் புள்ளையை அனுப்ப ஏலா. அவ இங்கேயே பாதுகாப்பா இருக்கட்டும். நான் நீதிமன்றத்துக்கு அறிவிக்கிறன்.”

கேதீஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்க்கவா சம்பளம் தருகிறார்கள்?

இனிப் பிள்ளையோடு பேச வேண்டும். மேற்றன் வழக்கம்போலக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க வெளியில இருங்க. புள்ளையோட தனியாத்தான் கதைக்கணும். புது உத்தரவு.”

“இவ்வளவு காலமும் நான் பக்கத்தில இருந்துதானே விசாரிச்சாங்க?”

“இனி அப்பிடி ஏலா.”

மேற்றன் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினாள். றிஸ்லா கதவைச் சாத்தித் திரும்பினால், தனுஷியாவின் சட்டையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். புதிதாக வந்தவள், மிதுஷா. அவளுக்குத் தாயுமில்லை, தகப்பனுமில்லை.

“இவள் என்னை விட்டுட்டு இருக்கமாட்டாள் மிஸ். நிக்கட்டும்.”

“சரி. இப்ப சொல்லு மகள். மாமாவுக்குப் பயமா? பயப்படாத. நீ அங்க போகத் தேவையில்ல, இங்கேயே இருக்கலாம்.”

தனுஷியா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“மாமாவா? அவர் நல்லவர் மிஸ். எனக்கு அம்மாவோட போகத்தான் ஆசை. ஒவ்வொரு நாளும் சாமியைக் கும்பிட்டுக் கேட்டதும் அதைத்தான்.”

“அப்ப என்னத்துக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறாய்?”

தனுஷியா கதவைப் பார்த்தாள். பிறகு மிதுஷாவின் இரண்டு காதுகளையும் தன் கைகளால் இறுக்கிப் பொத்தினாள்.

“நான் இங்க இருக்கும் வரைக்கும் இவளைத் தொடமாட்டன் எண்டு தலைவர் ஐயா சொல்லியிருக்கார், மிஸ்.”