வரக்கூடாத படிகம்

“நாளைக்கு உனக்கு வைவா டி, அதைக் கொட்டிட்டு...”

“கொட்ட மாட்டேன், முதல்ல நீ வந்து...”

“கொட்டிட்டு நிம்மதியாப் போய்ப் படி.”

“வந்து பாரு தவசி.”

ரெஜினாவும் தவசீலனும் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் ஒரே மேசையைப் பங்கிட்டுக்கொண்ட ஆய்வு மாணவர்கள். இப்போதெல்லாம் செய்யக்கூடிய சேர்மங்களையெல்லாம் செயற்கை நுண்ணறிவு இயந்திரமே செய்துவிடுகிறது. அது ‘முடியாது’ என்று ஒதுக்கியவற்றைச் செய்து பார்த்து, முடியாதுதான் என்று உறுதிசெய்கிறவர்களுக்கே முனைவர் பட்டம். ரெஜினா ஐந்து வருடம் ஒழுங்காகத் தோற்றிருந்தாள்; நாளை பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, வைவா. இன்று காலை அவளுடைய குடுவையில் மஞ்சளாகப் படிகம் வந்திருந்தது.

“அழுக்கா இருக்கும்.”

“சோதிச்சுட்டேன். முடியாதுன்னு சொன்ன அதே சேர்மம்தான்.”

“உன்னை யாரு சோதிக்கச் சொன்னா? அது வந்துடுச்சுன்னா உன் ஆய்வேடே பொய்யாயிடும். பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. ஊர்ல உங்கப்பா உன் பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டுக் கல்யாணப் பத்திரிகையே அடிச்சுட்டாரு.”

“கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்தாப் போதும். முனைவர் வரணும்னு இல்லை.”

தவசீலன் குடுவை கழுவும் அசிட்டோன் பாட்டிலோடு வந்து, அவள் கையிலிருந்த குடுவையை வாங்கினான். அவள் தடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவனும் தன் குடுவையில் கறுப்புப் பிசினைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். உள்ளே ஊசி ஊசியாக மின்னியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவன், பாட்டிலைக் கீழே வைத்தான்.

“ஏ ரெஜினா, நாளைக்கு நீ வைவாவுக்குப் போகலைன்னா, இதை இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாமா?”